வேலிக்கு மூன்று மா: சம்பரானில் ஐந்து நாள்

முதல் நாள்: ரயில், கங்கை, முசாபர்பூர்

"சம்பரானா? அங்க என்ன கோயில் இருக்கு?" என்றுதான் வீட்டில் கேட்டார்கள். வருவாய் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் பிகாருக்குப் போகிறான் என்றால் கயாவில் திதி கொடுக்கத்தான் என்று அக்கம்பக்கமும் முடிவு கட்டிவிட்டது. கோயில் இல்லை, ஒரு கணக்கு இருக்கிறது என்றால் யாருக்கும் புரியப் போவதில்லை. சரி என்று கிளம்பிவிட்டேன்.

கணக்கு இதுதான். பள்ளிப் புத்தகத்தில் சம்பரான் சத்தியாகிரகம் என்று நான்கு வரி வரும். ஒவ்வொரு பீகா நிலத்திலும் இருபதில் மூன்று பங்கில் விவசாயி கட்டாயமாக, நீலச் சாயம் எடுக்கிற அவுரிச் செடியைப் பயிரிட வேண்டும், அதற்குத் தீன்கட்டியா என்று பெயர். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் இருபது மா ஒரு வேலி. அங்கே இருபது கட்டா ஒரு பீகா. ஆக, வேலிக்கு மூன்று மா. விளைந்ததில் பாதிக்கு மேல் மிராசுதாருக்கு அளந்த ஊரில் பிறந்தவன் நான். இருபதில் மூன்றுக்கா ஒரு மாவட்டமே எழுந்து நின்றது என்பது ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது.

சென்னையிலிருந்து பாட்னாவுக்கு நாற்பது மணி நேரத்துக்கு மேல். பெட்டி முழுக்க ஊர் திரும்பும் பையன்கள். கோதுமை அறுப்பும் கல்யாண மாதமும் ஒன்றாக வருகிற ஏப்ரல் இது. எதிர் பெர்த்தில் இருந்தவன், நான் திண்டாடி இந்தி பேசுவதைப் பார்த்துவிட்டு, "சார், தமிழ்லயே சொல்லுங்க" என்றான். திருப்பூரில் பனியன் கம்பெனி, ஆறு வருஷம். சொந்த ஊர் நர்கட்டியாகஞ்ச் பக்கம், அதாவது சம்பரானேதான். தங்கைக்குக் கல்யாணமாம். "எங்க ஊர்ல பார்க்க என்ன சார் இருக்கு?" என்று அவனும் கேட்டான். என் வீட்டுக்காரியும் அவனும் ஒரே கட்சி.

பாட்னாவிலிருந்து காந்தி சேது வழியாகக் கங்கையைத் தாண்டினோம். ஐந்தரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். 1917 ஏப்ரலில் பாலம் கிடையாது, ஸ்டீமர்தான். அந்த மாதம் 10ஆம் தேதி ராஜ்குமார் சுக்லா என்ற சம்பரான் விவசாயி காந்தியைப் பாட்னாவுக்குக் கூட்டிவந்து ராஜேந்திர பிரசாத் வீட்டில் இறக்கினார். வீட்டுக்காரர் ஊரில் இல்லை. வந்தவர் என்ன சாதியோ என்று வேலைக்காரர்கள் கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் விடவில்லை. அன்றிரவே ரயிலேறி முசாபர்பூர். நள்ளிரவில் விளக்கும் கையுமாக மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றவர் அங்கே கல்லூரியில் வேலை பார்த்த கிருபளானி.

நான் இறங்கியபோது ஸ்டேஷனில் விளக்கு நிறையவே இருந்தது. அறையில்தான் மின்சாரம் இல்லை. இதை மொட்டை மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். லிச்சி இன்னும் பழுக்கவில்லையாம். ஒரு மாதம் முன்னாலேயே வந்துவிட்டேன்.

இரண்டாம் நாள்: மோத்திஹாரி

பஸ்ஸில் மோத்திஹாரி வந்து சேரப் பதினோரு மணி. மேற்கிலிருந்து சூடாக ஒரு காற்று அடிக்கிறது, அடுப்பு வாயில் நிற்பது போல. வறுத்த கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை போட்டுத் தருகிறார்கள். பெயர் சத்து. நம் சத்து இல்லை, அவர்கள் சத்து. ஆனால் குடித்தபின் இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றிவிட்டது.

ஒரு காலத்தில் சாரண் மாவட்டத்தில் ஒரு பகுதி இது. 1866இல் பிரித்துத் தனி மாவட்டமாக்கி மோத்திஹாரியைத் தலைநகராக வைத்தார்கள். பிற்பாடு கிழக்கு, மேற்கு என்று மறுபடி இரண்டாகிவிட்டது. கிழக்குக்கு மோத்திஹாரி, மேற்குக்குப் பெத்தியா. அபினிக்கும் இது பேர் போன சீமை. அபினித் துறையில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரருக்கு 1903இல் இங்கே பிறந்த பையன், பின்னாளில் ஜார்ஜ் ஆர்வெல் என்ற பெயரில் உலகமே படிக்கிற ஆங்கில எழுத்தாளர் ஆனார். அந்த வீட்டையும் காட்டுகிறார்கள். எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன், எனக்கு வேலை வேறு.

காந்தி அருங்காட்சியக வளாகத்தில் 48 அடி உயரக் கல்தூண் ஒன்று நிற்கிறது. நந்தலால் போஸ் வரைந்து கொடுத்த வடிவம். காந்தியைக் குற்றவாளியாக நிறுத்திய கோர்ட்டு இருந்த இடம் அது. மாவட்ட மாஜிஸ்திரேட் ஹேகாக், 144 போட்டு, அடுத்த ரயிலில் மாவட்டத்தைவிட்டு வெளியேறச் சொன்னார். இவர் மாட்டேன் என்றார். ஏப்ரல் 18 அன்று விசாரணை. சாட்சி, ஆதாரம் எல்லாம் தயார் செய்துகொண்டு சர்க்கார் வக்கீல் வந்திருக்க, "உத்தரவை மீறினேன், குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், தண்டனை கொடுங்கள்" என்று காந்தி வாசித்துவிட்டார். அந்தச் சப்-டிவிஷனல் மாஜிஸ்திரேட்டின் நிலைமையை நினைத்துப் பார்க்கிறேன். நானும் மேலதிகாரிக்குக் கீழே உட்கார்ந்தவன்தான். எதிராளி மறுத்தால் நடத்த ஒரு முறை இருக்கிறது. ஒத்துக்கொண்டு தண்டனை கேட்டால் எந்த ஃபைலில் வைப்பது? தீர்ப்பைத் தள்ளிவைத்தார். நூறு ரூபாய் ஜாமீன் கேட்டார், அதுவும் கிடையாது என்றதும் சும்மாவே அனுப்பிவிட்டார். மூன்று நாளில் லெப்டினன்ட் கவர்னரிடமிருந்து வழக்கையே வாபஸ் வாங்கச் சொல்லி உத்தரவு வந்தது.

மாலையில் ஏரிக்கரையில் உட்கார்ந்து கணக்கைப் போட்டேன். இருபதில் மூன்று எப்படிக் கழுத்தை இறுக்கும்?

முதல் விஷயம், எந்த மூன்று கட்டா என்பதை விவசாயி முடிவு செய்வதில்லை. கோட்டியின் ஆள் முடிவு செய்வான். (கோட்டி என்றால் அவுரித் தொழிற்சாலை, தோட்டக்கார துரையின் பங்களா, கச்சேரி எல்லாம் சேர்ந்தது.) ஊரையொட்டி எரு விழுந்து ஊறிய நிலமாகப் பார்த்துத்தான் கை காட்டுவான். அப்புறம் கூலி. விளைச்சலைப் பொறுத்து இல்லை, நில அளவுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. விலைவாசி ஏறினாலும் அது ஏறாது. உழவு, விதைப்பு, களை எல்லாம் கோட்டி சொல்கிற நாளில் நடக்க வேண்டும். தன் வயலில் வேலை நிற்கும். நம் ஊரில் தலைமுடிக்கு அரைத்துப் பூசுகிற அதே அவுரிதான். திண்டிவனம் பக்கம் இன்னும் பயிரிடுகிறார்கள். செடியில் குற்றமில்லை.

ஆனால் உண்மையான கழுத்துச் சுருக்கு வேறு இடத்தில். 1897இல் ஜெர்மனியில் செயற்கை நீலச் சாயம் சந்தைக்கு வந்துவிட்டது. அவுரி விலை சரிந்தது. நியாயமாகப் பார்த்தால் துரைகளுக்குத்தான் நஷ்டம், விவசாயிக்கு விடுதலை. துரைகள் அந்த விடுதலையை விலைக்கு விற்றார்கள். ஜமீனிடமிருந்து துரைக்கு நிலம் நிரந்தரக் குத்தகையில் வந்திருந்த இடங்களில், "இனி அவுரி போட வேண்டாம், பதிலுக்கு நிலவாரத்தை ஏற்றிக்கொள்கிறேன்" என்று எழுதி வாங்கினார்கள். இதற்குப் பெயர் ஷரஹ்பேஷி. குத்தகை தற்காலிகமாக இருந்த இடங்களில், ஏறின வாரம் நாளைக்கு ஜமீனுக்குப் போய்விடுமே! அங்கே மொத்தமாக ஒரு தொகை, தாவான். கையில் இல்லையா, கடன் பத்திரம் எழுதிக் கொடு. எவ்வளவு அழகாக யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். முப்பது வருஷம் நில ஆவணம் பார்த்தவன் சொல்கிறேன், இப்படி ஒரு கெட்டிக்காரத்தனத்தை நான் பார்த்ததில்லை. பிறகு 1914இல் உலகப் போர் வந்து ஜெர்மன் சாயம் நின்றது. அவுரி விலை மறுபடி ஏறியது. உடனே "விதை போடு".

இது போதாதென்று அப்வாப், அதாவது சட்டத்தில் இல்லாத வசூல், நாற்பது வகைக்கு மேல். துரை யானை வாங்கினால் ஒன்று, குதிரை வாங்கினால் ஒன்று, மோட்டார் கார் வாங்கினால் ஹவஹி. அப்பன் செத்து மகன் நிலத்துக்கு வந்தால் பபஹி-புதஹி. வாய்க்காலே இல்லாத ஊரில் தண்ணீர் வரி, பைன்கர்ச்சா. ஒரு துரைக்குக் காலில் புண் வந்ததற்கு ஊரார் கொடுத்தது கவஹி.

மூன்று மா விஷயம் எனக்கு ஒருவாறு விளங்கிவிட்டது.

மூன்றாம் நாள்: சந்திரஹியா

யானை மேல் காந்தியை நினைத்துப் பார்த்திருக்கிறீர்களா? ஏப்ரல் 16, இதே வெயில். ஜசௌலிபட்டி என்ற ஊரில் ஒரு விவசாயியை அடித்து நாசம் செய்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, மொழிபெயர்க்க இரண்டு வக்கீல்களையும் ஏற்றிக்கொண்டு யானையில் புறப்பட்டார். சந்திரஹியா வந்தபோது சைக்கிளில் துரத்தி வந்த போலீஸ்காரர் நிறுத்தினார். சூப்பரின்டெண்டென்ட் கூப்பிடுகிறார் என்றார். இவர் மாட்டு வண்டியில் திரும்பினார், வழியில் அந்த 144 நோட்டீஸ் கைக்கு வந்தது. நான் ஷேர் ஆட்டோவில் போனேன். ஆட்டோக்காரர் சந்திரஹியா என்று வேறொரு முக்கில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். ஒன்றரை கிலோமீட்டர் நடை. இரு பக்கமும் கோதுமை, பாதி அறுத்தது.

திரும்பும்போது மோத்திஹாரியில் பூட்டிக் கிடக்கும் சர்க்கரை ஆலைப் பக்கம் போனேன். அவுரி போன பிறகு இங்கே கரும்பு வந்தது. பழைய துரைகளில் சிலரும் அதற்கு மாறிக்கொண்டார்கள். இந்த ஆலை பல வருடமாக ஓடவில்லை. தொழிலாளிக்குச் சம்பள பாக்கி, கரும்பு போட்டவனுக்கு விலை பாக்கி. காந்தி பிகாரில் இறங்கி நூறு வருஷம் என்று சர்க்கார் விழா எடுத்த அதே நாள், 2017 ஏப்ரல் 10, பாக்கி கேட்டுப் போராடிய தொழிலாளர்களில் இரண்டு பேர் தீக்குளித்தார்கள். இரண்டு பேருமே பிழைக்கவில்லை.

இன்றைக்கு இவ்வளவுதான் எழுத முடிகிறது.

நான்காம் நாள்: பெத்தியா

நேற்றுக்குப் பதிலாக இன்று நீளமாகவே எழுதப் போகிறேன்.

பெத்தியா ராஜ் பிகாரின் மிகப் பெரிய ஜமீன்களில் ஒன்று. கடனில் மூழ்கியது. 1880களில் லண்டனில் பெரிய கடன் ஏற்பாடு செய்துகொடுத்தார்கள். அதற்கு ஈடாகத்தான் கிராமம் கிராமமாக அவுரித் துரைகளுக்கு நிரந்தரக் குத்தகை போயிற்று. கடைசி மகாராஜா 1893இல் வாரிசில்லாமல் இறந்தார். 1897இல் சொத்து முழுவதும் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்ற சர்க்கார் நிர்வாகத்தின் கைக்கு வந்தது. இங்கேதான் முடிச்சு. ஜமீன் கச்சேரியை நடத்துவது சர்க்கார், குத்தகைக்காரன் துரை, நாளைக்கு விசாரிக்க வருகிற அதிகாரி அந்தத் துரையோடு சாயங்காலம் டென்னிஸ் ஆடுகிறவர். மனு கொடுக்கிறவன் எங்கே போவான்? 2024இல் பிகார் சட்டசபை ஒரு சட்டம் போட்டு, இன்னும் மிச்சமிருந்த ராஜ் நிலம் 15 ஆயிரம் ஏக்கருக்கு மேல் மாநில அரசுக்கு மாற்றியது. கடைசி மகாராஜா செத்தும் நூறு வருஷத்துக்கு மேல் கணக்கு உயிரோடு இருந்திருக்கிறது.

ஹஜாரிமல் தர்மசாலையை விசாரித்துக் கண்டுபிடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. கடைத்தெருவுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. ஏப்ரல் 22 முதல் காந்தியும் கூட்டாளிகளும் தங்கி வேலை செய்த இடம். இதைப் பார்க்கத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று சொல்லலாம்.

சத்தியாகிரகம் என்றால் ஊர்வலம், கொடி, தடியடி என்று மனதில் ஒரு படம் இருக்கும். சம்பரானில் நடந்தது எழுத்து வேலை. விவசாயிகள் காலையிலிருந்து வரிசையில் நிற்பார்கள். பிரஜ்கிஷோர் பிரசாத், ராஜேந்திர பிரசாத், தரணிதர் பிரசாத், அனுக்ரஹ நாராயண் சின்ஹா, ராமநவமி பிரசாத் என்று வாயைத் திறந்தாலே பீஸ் கேட்கிற வக்கீல்கள் தரையில் உட்கார்ந்து குமாஸ்தா வேலை பார்த்தார்கள். ஒவ்வொருவரிடமும் பெயர், ஊர், எந்தக் கோட்டி, எவ்வளவு நிலம், என்ன பிடுங்கினார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். குறுக்குக் கேள்வி போட்டு, நிற்காததை அங்கேயே தள்ளிவிட வேண்டும். கடைசியில் கையெழுத்து, இல்லை பெருவிரல் ரேகை. இது காந்தி போட்ட கண்டிஷன். மே 13 அன்று அவர் சர்க்காருக்கு அனுப்பிய அறிக்கையிலேயே எழுதிய வாக்குமூலம் நாலாயிரத்துக்கு மேல் என்று கணக்கு வருகிறது.

ஒரு நாளைக்கு இருபது வாக்குமூலம் எழுதினால் கை கழன்றுவிடும். எனக்குத் தெரியும். 2000க்குப் பிறகு வந்த வெள்ளங்களில் பயிர் சேதத்துக்கு எழுதியிருக்கிறேன். அதிலும் வாக்குமூலம் கொடுக்கிறவன் எப்படிப்பட்டவன் என்பதையும் பார்க்க வேண்டும். பக்கத்திலேயே சிஐடி இன்ஸ்பெக்டர் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார். காந்தி அவரை விரட்டவில்லை, நாற்காலி போட்டுக் கொடுக்காத குறைதான். கோட்டிக்காரன் பெயரைச் சொன்னால் மாடு போகும், வீடு போகும் என்று தெரிந்த மனிதன், போலீஸ் காதுபட, "என் பெயர் இன்னது, ஊர் இன்னது, எழுதுங்கள்" என்கிறான். என்னிடம் வந்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொல்லவே வாசலைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்த வக்கீல்களைப் பற்றி ஒன்று. ஆளுக்கொரு சமையல்காரர், ஆளுக்கொரு அடுப்பு, ராத்திரி பன்னிரண்டு மணி வரை சாப்பாடு என்று இருந்தவர்களை ஒரே அடுப்புக்குக் கொண்டுவந்தது தனிப் போராட்டமாக நடந்திருக்கிறது. நிலவாரத்தைக் குறைப்பதைவிடக் கஷ்டமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

டீக்கடையில் ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற வாத்தியார், என்னைக் கொஞ்சம் திட்டினார். "காந்தி காந்தி என்றே கேட்கிறீர்களே. பத்து வருஷம் முன்னாலேயே சாட்டி கோட்டியில் அவுரி போட மாட்டோம் என்று நின்றவன் ஷேக் குலாப். அவனைத் தெரியுமா?" தெரியாது என்றேன். 1907, 1908இல் ஷேக் குலாபும் சீதல் ராயும் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்திருக்கிறார்கள். தெல்ஹாரா கோட்டி மேனேஜர் ப்ளூம்ஃபீல்டை விவசாயிகள் அடித்தே கொன்றுவிட்டார்கள். நூற்றுக்கணக்கில் ஜெயில். கூர்லே என்ற அதிகாரி விசாரித்து அறிக்கை கொடுத்தார், அதை சர்க்கார் வெளியிடவே இல்லை. இங்கே நடப்பதையெல்லாம் கான்பூரின் 'பிரதாப்' பத்திரிகைக்கு எழுதியவர் இதே பெத்தியாக்காரர், பீர் முகமது முனிஸ். ராஜ்குமார் சுக்லா பெல்வா கோட்டியிடம் அடிபட்டு, லக்னோ காங்கிரஸுக்கே போய் காந்தியைப் பிடித்தவர். போகிற இடமெல்லாம் விடாமல் பின்தொடர்ந்தார். சம்பரான் என்ற பெயரையே அதுவரை கேள்விப்பட்டதில்லை என்று காந்தி பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். நீலப் பொட்டலம் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஒரு கோட்டி மேனேஜர் காந்திக்கு விஷம் வைக்கச் சொன்னதாகவும், சமையல்காரர் பதக் மியான் அதை வெளியே சொல்லிவிட்டதாகவும் இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். அந்தக் குடும்பத்துக்கு நிலம் கொடுக்கச் சொல்லி ராஜேந்திர பிரசாத் ஜனாதிபதியாக இருந்தபோது சொன்னாராம். "கிடைத்ததா?" என்றேன். வாத்தியார் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க வருவாய்த் துறைதானே?" என்று கேட்டார்.

முடிவு என்ன ஆயிற்று? ஜூனில் ஸ்லை என்ற அதிகாரி தலைமையில் விசாரணைக் குழு, அதில் காந்தியும் ஓர் உறுப்பினர். அக்டோபரில் அறிக்கை. 1918 மார்ச்சில் சம்பரான் விவசாயச் சட்டம். தீன்கட்டியா ஒழிந்தது. ஷரஹ்பேஷி துர்கௌலியா கோட்டியில் 20 சதவீதமும் மோத்திஹாரி, பிப்ரா கோட்டிகளில் 26 சதவீதமும் குறைந்தது. தாவானில் கால்வாசியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கால்வாசிதானா என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. துரை திருப்பிக் கொடுத்தான் என்பதை ஊர் கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்பது காந்தியின் கணக்கு. வருவாய்க் கணக்குப்படி இது தோல்வி என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. இருபத்தாறு சதவீதம் குறைத்தால், ஏற்றினதில் பெரும்பாகம் ஏற்றினபடியே நிற்கிறது. ஆனால் அடுத்த சில வருஷத்தில் கோட்டிகள் ஒவ்வொன்றாக விற்றுவிட்டுப் போயின. யானைக்கு வரி கொடு என்று கேட்க அப்புறம் வாய் வரவில்லை.

ஐந்தாம் நாள்: பிதிஹர்வா

பெத்தியாவிலிருந்து நர்கட்டியாகஞ்ச் வரை ரயில். ஸ்டேஷனில் திருப்பூர்த் தம்பி பைக்கோடு நின்றான். வடக்கே தூரத்தில் நேபாள மலை, புகை போல ஒரு கோடு.

வழக்கு முடிந்தால் போதாது, எழுத்து தெரியாதவன் மறுபடி எவன் நீட்டினாலும் ரேகை வைப்பான் என்று 1917 நவம்பரில் காந்தி பள்ளிக்கூடங்கள் ஆரம்பித்தார். பிதிஹர்வாவில் தொடங்கியது நவம்பர் 20. மூங்கிலும் புல்லும் வைத்துக் கட்டிய கொட்டகையை யாரோ கொளுத்திவிட, சோமன் என்பவரும் மற்றவர்களும் செங்கல்லில் திரும்பக் கட்டினார்கள். கஸ்தூரிபா இங்கே தங்கி வேலை செய்தார். அழுக்குப் புடவையைத் துவைக்கக் கூடாதா என்று பக்கத்து ஊர்ப் பெண்ணிடம் கேட்கப் போனபோது, அவள் குடிசையைத் திறந்து காட்டி, மாற்றுப் புடவை எங்கே இருக்கிறது பாருங்கள் என்றது இந்தப் பக்கத்தில்தான். ஆசிரமத்தில் ஒரு மணியும் மாவரைக்கிற கல்லும் வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் கும்பலாக வந்து செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் தம்பி வீட்டில் சாப்பாடு. மர்ச்சா நெல்லில் இடித்த அவல், கட்டித் தயிர், வெல்லம். இவ்வளவு வாசனையான அவலை நான் சாப்பிட்டதில்லை. கல்யாண வீடு என்பதால் ஆள் போவதும் வருவதுமாக இருந்தது. நான் என்ன வேலை பார்த்தேன் என்று அவன் அப்பாவுக்குத் தெரிந்ததும் பேச்சு மாறிவிட்டது. உள்ளே போய் ஒரு பாலிதீன் பையைக் கொண்டுவந்தார்.

2024 ஆகஸ்டிலிருந்து பிகார் முழுக்க நில மறு அளவை நடக்கிறது. வம்சாவளி எழுதிக் கொடு, பழைய கதியான் (நில உரிமைப் பதிவு) காட்டு, ஜமாபந்தியில் யார் பெயர் இருக்கிறது சொல் என்று குடைகிறார்கள். (எங்களுக்கு ஜமாபந்தி என்றால் வருஷத்துக்கொரு முறை தாலுகாவில் நடக்கிற கணக்குத் தணிக்கை. இங்கே அது நிலப் பதிவேடு. அரை மணி நேரம் இருவரும் வேறு வேறு விஷயம் பேசிக்கொண்டிருந்தோம்.) திருப்பூரிலும் சூரத்திலும் இருக்கிற பிள்ளைகள் காகிதத்துக்காக லீவு போட்டு வருகிறார்களாம். இவனும் கல்யாணத்தோடு இதற்கும் சேர்த்துத்தான் வந்திருக்கிறான்.

பையிலிருந்து எடுத்தது மடிப்பு மடிப்பாகப் பிரிந்த ஒரு பத்திரம். கைத்தி எழுத்து. அந்தக் காலத்தில் பிகார் கோர்ட்டு, கச்சேரி எல்லாம் இதில்தான் எழுதினார்கள். இப்போது படிக்கத் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணும்படி இருக்கிறார்கள், ஒரு பத்திரத்துக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறார்களாம். கொள்ளுத் தாத்தா காலத்தது, நிலம் வாங்கியதா, விற்றதா, கடன் பத்திரமா என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

"நீங்க ஆபீசர்தானே சார், பார்த்து சொல்லுங்க" என்றான்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ் வரை பார்த்தேன். ஓர் எழுத்தும் தெரியவில்லை. அடியில் வலது மூலையில் மங்கிய நீலத்தில் ஒரு பெருவிரல் ரேகை இருந்தது. "இது மட்டும்தான் தம்பி எனக்குப் படிக்கத் தெரியுது" என்றேன். அவன் அதை போஜ்புரியில் அப்பாவிடம் சொன்னான். அவர் சிரித்துவிட்டு, பத்திரத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்தார்.

சாயங்கால ரயிலுக்குக் கொண்டுவந்து விடும்போது, இருபத்தெட்டாம் தேதிக்கு திருப்பூர் டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட் நாற்பத்தொன்று, கிடைக்குமா சார் என்று கேட்டான்.